தம்பிக்கு எந்த ஊர்?

ரயிலிலோ பஸ்ஸிலோ பக்கத்து ஸீட்டுக்காரர் வாயைத் திறந்தால் முதலில் என்ன கேட்பார்? நேயர்களே, உங்களுக்குத் தெரியாததா! "தம்பிக்கு எந்த ஊர்?" என்பார். அதற்குப் பதில் வந்ததும், "யார் வீட்டுப் பிள்ளை?" என்பார். அதற்கும் பதில் வந்துவிட்டால், "அப்படியானால் நீங்க..." என்று ஓர் இழுப்பு இழுப்பார். அந்த இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்டவருக்கும் தெரியும், கேட்கப்பட்டவனுக்கும் தெரியும்.

நாற்பது வயசைத் தாண்டியவர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. சிரித்து மழுப்பி விடுவோம். ஆனால் பதினேழு வயசுப் பையனையோ பெண்ணையோ இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். சில பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்து பளிச்சென்று பதில் சொல்லும். வேறு சில பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்க ஆரம்பித்துவிடும். அந்தப் பிள்ளைகளுக்குத் தலைவலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. "நான் யார்?" என்ற கேள்விக்குச் சௌகரியமான பதில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஒகேனக்கல்லுக்குப் போனால் தெரியும்.

ஒகேனக்கல்லா! அங்கே எண்ணெய்க் குளியலும் மீன் வறுவலும் அருவியும்தானே உண்டு என்கிறீர்களா? அவையெல்லாம் உண்டு. முதலில் ஊரின் பெயரைப் பாருங்கள். தமிழ்நாட்டில், தர்மபுரி ஜில்லாவில், பென்னாகரத்துக்கு மேற்கே இருக்கிற ஊர் இது. பெயரோ கன்னடம்! "ஹொகெ" என்றால் புகை. "கல்லு" என்றால் கல், பாறை. அருவி விழுகிற வேகத்தில் நீர்த்துளி புகையாய் எழும்புகிறதல்லவா, அதனால் "புகைகிற பாறை" என்று பெயர் வைத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழில் "ப" என்று ஆரம்பிக்கிற பல சொற்கள் கன்னடத்தில் "ஹ" என்று ஆரம்பிக்கும். நம்முடைய பால் அங்கே ஹாலு. நம்முடைய புலி அங்கே ஹுலி. பல் என்றால் ஹல்லு. பெண் என்றால் ஹெண்ணு. அந்தக் கணக்குப்படி நம்முடைய புகைதான் அங்கே ஹொகெ. உதட்டை மூடித் திறந்தால் தமிழ். மூடாமல் காற்றை விட்டால் கன்னடம்! ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள் இருக்கிற தூரம் இவ்வளவுதான்.

பரிசலில் ஏறினால் ஒரு கரை தமிழ்நாடு. எதிர்க் கரை கர்நாடக ராஜ்யத்தின் சாமராஜநகர் ஜில்லா. நான் போயிருந்தபோது பரிசல் தள்ளிய இளைஞனுக்கு இருபது வயசுக்கு மேல் இராது. "வீட்டுல கன்னடங்க, பள்ளிக்கூடத்துல தமிழுங்க" என்றான். "அப்படியானால் நீ யாரப்பா?" என்று, ரயில் பிரயாணி மாதிரி நானும் கேட்டு வைத்தேன். அவன் துடுப்பை நிறுத்தவில்லை.

"பெங்களூர்ல ஒரு வருஷம் வேலை செஞ்சேங்க. அங்கே என்னைத் தமிழன்னாங்க. அப்புறம் சென்னைக்குப் போனேன். அங்கே கன்னடக்காரன்னாங்க. மீனை வறுத்து வெக்கிறப்போ மட்டும் எந்த பாஷைன்னு யாரும் கேக்கறதில்லைங்க!" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பைக் கேட்டபோது எனக்கு எரிக் எரிக்ஸன் என்ற மனோதத்துவ நிபுணர் ஞாபகத்துக்கு வந்தார். "அடையாள நெருக்கடி" என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அந்தச் சொற்றொடரை உலகத்துக்குக் கொடுத்தவர் அவர்தான். 1902-ல் ஜெர்மனியில் பிறந்தார். தாயார் டென்மார்க் தேசத்து யூதப் பெண்மணி. பெற்ற தகப்பனார் யார் என்பது அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை. வளர்த்த தகப்பனார் யூதர். பையனோ நெடுநெடுவென்று, பொன்னிறத் தலைமயிரும் நீலக் கண்ணுமாக இருந்தான். யூதர் கோயிலில் அவனை அந்நியன் என்று கேலி செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் யூதன் என்று கேலி செய்தார்கள். வளர்ந்து அமெரிக்காவுக்குப் போய், 1939-ல் அந்த நாட்டுப் பிரஜையானபோது, எரிக்ஸன் என்று தமக்குத் தாமே பெயர் வைத்துக் கொண்டார். எரிக்கின் மகன் எரிக்ஸன்! தமக்குத் தாமே தகப்பன்! வாலிபப் பருவத்தின் தலையாய வேலையே "நான் யார்" என்று தெரிந்து கொள்வதுதான் என்று பிற்பாடு அவர் எழுதினார். ஏட்டில் படித்து எழுதியதல்ல அது, பட்டு எழுதியது.

பரிசல்காரப் பையனுக்கும் எரிக்ஸனுக்கும் நேர்ந்தது தேசம் தேசமாக நடக்கிறது. மத்திய ஆசியாவில் கஸகஸ்தான் என்று ஒரு பெரிய நாடு இருக்கிறது. சோவியத் ஆட்சிக் காலத்தில், 1930-களின் தொடக்கத்தில், அங்கே கொடிய பஞ்சம் வந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வெளியிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் கொண்டுவந்து குடியேற்றப்பட்டார்கள். 1989-ல் ஜனத்தொகை எடுத்தபோது, கஸக் தேசத்திலேயே கஸக் மக்கள் நூற்றுக்கு நாற்பது பேர்தான் இருந்தார்கள். பட்டணத்துப் பிள்ளைகள் ருஷ்ய மொழியில் படித்து, ருஷ்ய மொழியிலேயே கனவு கண்டார்கள். 1991 டிசம்பரில் சுதந்தரம் வந்தது. "இனி நம் பாஷை" என்றார்கள். அப்போதுதான் சங்கடம் பிறந்தது. தாய்மொழி சரளமாக வராத பிள்ளைகளுக்கு "ஷாலா கஸக்" என்று ஒரு பெயர் உண்டு. அதாவது அரைவேக்காட்டுக் கஸக்! சுத்தமாகப் பேசுகிறவன் "நகஸ் கஸக்", அசல் கஸக். சொந்த நாட்டிலேயே, சொந்த ஜனங்களே, "நீ பாதிதான்" என்று சொன்னால் ஒரு பெண்ணோ பையனோ நிம்மதியாக எப்படித் தூங்கும்?

அதே கஸக் மக்களிடம் ஓர் அருமையான வழக்கமும் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தகப்பன் வழியில் ஏழு பாட்டன்மாரின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். அந்த ஏழு தலைமுறைக்குள் கல்யாணம் கூடாது என்பது கட்டுப்பாடு. நாமும் "ஏழு தலைமுறை" என்று வாய்க்கு வாய் சொல்லுகிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு மூன்று பாட்டன் பெயரைக் கேளுங்கள், பார்க்கலாம்! இந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

மறுபடியும் காவிரிக்கு வாருங்கள். எதிர்க் கரையில், ஒகேனக்கல்லுக்கு அதிக தூரமில்லாமல், கோபிநத்தம் என்று ஒரு கிராமம். கர்நாடக ராஜ்யத்துக் கிராமம். ஆனால் ஜனங்கள் பேசுவது தமிழ். அது எப்படி? அந்தக் கொள்ளேகால் பிரதேசம் முழுவதும் முன்னே நம்முடைய கோயம்புத்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. 1956 நவம்பர் முதல் தேதி மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரித்தபோது மைசூரோடு சேர்ந்தது. ஊர் நகரவில்லை, ஜனங்கள் நகரவில்லை. கோடு மட்டும் நகர்ந்தது. ராத்திரி சென்னை ராஜ்யத்தில் படுத்தவர்கள் காலையில் மைசூர் ராஜ்யத்தில் எழுந்தார்கள்.

கோபிநத்தத்துக்கு அதைவிடப் பெரிய முத்திரை பிற்பாடு விழுந்தது. வீரப்பன் பிறந்த ஊர் அது. 2004 அக்டோபரில் அவன் கதை முடிந்துவிட்டது. ஆனால் ஊர் பெயரைச் சொன்னதும் "ஓகோ, அந்த ஊரா?" என்று புருவம் உயர்வது எளிதில் முடிகிற விஷயமா? அவன் முகத்தைக் கூடப் பார்த்திராத பிள்ளைகளும் அந்தப் புருவத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அதே ஊரில் இன்னொருவரும் இருந்தார். ஸ்ரீநிவாஸ் என்ற வன அதிகாரி. ஆந்திர தேசத்துக்காரர். வீரப்பனைப் பிடிக்க வந்தவர், அந்த ஜனங்களோடேயே தங்கினார். அவர்களுக்கு வீடு கட்ட வழி செய்தார். மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார். 1991 நவம்பரில் வீரப்பன் அவரை நயவஞ்சகமாகக் கொன்றான். சர்க்கார் அவர் மறைவுக்குப் பின் கீர்த்தி சக்ர விருது கொடுத்தது. ஊரார் அவரை மறக்கவில்லை. இப்போது சொல்லுங்கள்: கோபிநத்தத்துப் பிள்ளை எந்த ஊர்ப் பிள்ளை? வீரப்பன் ஊர்ப் பிள்ளையா, ஸ்ரீநிவாஸ் கோயில் கட்டிய ஊர்ப் பிள்ளையா? இரண்டும் உண்மைதான். எந்த உண்மையை அவன் நெஞ்சில் வைத்துக் கொள்கிறான் என்பதைப் பொறுத்தே அவன் தலை நிமிர்வதும் குனிவதும்.

முத்திரை ஊர் மேல்தான் விழும் என்பதில்லை; பல்லின் மேலும் விழும். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு என்ற உப்பு அளவுக்கு மேல் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் அது கூடாது. மிஞ்சினால், குழந்தைக்குப் பல் உருவாகிற வயசிலேயே மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிந்துவிடும். எந்தப் பற்பொடியாலும் அது போகாது. வருஷக் கணக்கில் குடித்தால் எலும்பும் வளையும். கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில், சிரிக்க வேண்டிய பெண் கையால் வாயைப் பொத்திக் கொண்டால் அது நாணம் என்று நினைத்து விடாதீர்கள்.

இதற்குப் பரிகாரமாகத்தான், ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, காவிரித் தண்ணீரைச் சுத்தம் செய்து கொடுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-ல் வேலை தொடங்கியதும் என்ன ஆயிற்று? அக்கரையில் "எங்கள் தண்ணீர்" என்று கிளர்ச்சி. பெங்களூரில் தமிழ்ப் படம் ஓடிய தியேட்டர்களில் கலாட்டா. இக்கரையில், சென்னையில் சினிமாக்காரர்கள் உண்ணாவிரதம். அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி, கர்நாடகத்தில் தேர்தல் முடிந்து புது மந்திரி சபை வரட்டும் என்று திட்டத்தைச் சிறிது காலம் தள்ளி வைத்தார். கடைசியில் 2013-ல் ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது குழாயில் தண்ணீர் வந்தது.

நேயர்களே, பாஷை அபிமானம் கூடாது என்று நான் சொல்லப் போவதில்லை. தமிழ் என்றதும் எனக்கும் நெஞ்சு விம்மத்தான் செய்கிறது. ஆனால் அந்த நாட்களில் பெங்களூரில் கடை வைத்திருந்த தமிழனின் பிள்ளையையும், தர்மபுரிப் பக்கம் வீட்டில் கன்னடம் பேசுகிற பிள்ளையையும் நினைத்துப் பாருங்கள். இரண்டு பிள்ளைகளும் தெருவில் இறங்கினால் வாயை மூடிக் கொண்டுதான் நடந்திருக்கும். எதிரி ஒருவன் இருந்தால்தான் என் பெருமை நிற்கும் என்றால், அந்தப் பெருமைக்கு முதலில் பலியாவது நடுவில் நிற்கிற குழந்தை.

இனி, காகிதத்தில் விழுகிற முத்திரை. தர்மபுரி ஜில்லாவின் சித்தேரி மலையில் மலையாளி என்ற பழங்குடியினர் வசிக்கிறார்கள். கேரளத்து மலையாளி அல்ல. மலையை ஆண்டு வாழ்கிறவர்கள் என்பதால் மலையாளி. பேசுவது தமிழ்தான். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்று சொல்லிக் கொள்வார்கள். 1976-ல் திருத்திய சட்டப் பட்டியலில், இவர்கள் தர்மபுரி, சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை ஜில்லாக்களில் மட்டும் பழங்குடியினர் என்று போட்டுவிட்டார்கள். ஆனால் அதே மக்கள் அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையிலும் இருக்கிறார்கள். அந்த மலை அப்போது கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. 1979-ல்தான் ஈரோடு தனி ஜில்லா ஆயிற்று. பட்டியலில் கோயம்புத்தூர் இல்லை. ஆகவே பர்கூர் மலைக்காரர்கள், சட்டத்தின் கண்ணில், பழங்குடியினர் இல்லை!

அக்காளைச் சேலம் பக்கத்து மலையிலும் தங்கையைப் பர்கூர் மலையிலும் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரே பாட்டி கையில் களி தின்று வளர்ந்த பேரப் பிள்ளைகள். ஒருவனுக்குச் சர்டிபிகேட் உண்டு. உபகாரச் சம்பளம் உண்டு. காலேஜில் இடம் உண்டு. இன்னொருவன் கேட்டால், "நீ அந்த ஜாதி இல்லை" என்று பதில் வரும். பிளஸ் டூ முடித்த பையனுக்கு அது வெறும் காகிதம் என்றா தோன்றும்? "நீ உன் பாட்டிக்குப் பேரன் இல்லை" என்று சொன்னது போலல்லவா இருக்கும்!

இந்த மலையாளி மக்களின் இன்னொரு கிராமம் அரூர்ப் பக்கத்து வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ம் தேதி, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், ரெவினியூ சிப்பந்திகள் அங்கே நுழைந்தார்கள். ஊரே கடத்தல்கார ஊர் என்று முத்திரை குத்தி, வீடுகளைச் சூறையாடி, பதினெட்டுப் பெண்களைக் கெடுத்தார்கள். அந்தப் பெண்கள் ஊரை விட்டு ஓடவில்லை, சாட்சி சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி கோர்ட்டு, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-ல் அதே செப்டம்பர் 29-ம் தேதி சென்னை ஹைகோர்ட்டு அதை ஊர்ஜிதம் செய்தது. சம்பவத்தன்று கைக்குழந்தையாக இருந்தவர்களுக்குத் தீர்ப்பு முடிவானபோது முப்பது வயசுக்கு மேல். இனி வாச்சாத்தி என்று சொன்னால், சட்டத்தை ஜெயித்துக் காட்டிய ஊர் என்று அர்த்தம். அந்த அர்த்தத்தைத் தாய்மார்கள் சம்பாதித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

"இதெல்லாம் மனசைப் பொறுத்த சமாசாரம், உடம்புக்கும் உயிருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு என்று கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள். கனடா தேசத்துப் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஏறக்குறைய இருநூறு பழங்குடிச் சமூகங்களைச் சாண்ட்லர், லலோண்ட் என்ற இருவர் ஆராய்ந்து 1998-ல் வெளியிட்டார்கள். தங்கள் நிலம், பள்ளிக்கூடம், வைத்தியசாலை, ஊர் நிர்வாகம், கலைக்கூடம், காவல் ஆகியவற்றைத் தங்கள் கையிலேயே வைத்துக் கொள்ளப் பாடுபட்ட சமூகங்களில், அவர்கள் ஆராய்ந்த ஐந்து வருஷ காலத்தில் இளைஞர் ஒருவர்கூடத் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொள்ளவில்லை. இவற்றில் எதுவும் கையில் இல்லாத சமூகங்களிலோ அந்தத் துயரம் மிக அதிகமாக இருந்தது.

இரண்டு கலாசாரத்துக்கு நடுவில் நிற்கிற பிள்ளை எதில் சேர வேண்டும்? ஒன்றை விட்டால்தான் மற்றொன்று வரும் என்று பலர் நினைக்கிறார்கள். 2013-ல் இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள், அதுவரை நடந்த 83 ஆராய்ச்சிகளை, இருபத்து மூவாயிரம் பேரைப் பற்றிய விவரங்களோடு சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டையும் தன்னுடையது என்று ஏற்றுக் கொண்டவர்கள்தாம், ஒன்றை மட்டும் பற்றிக் கொண்டவர்களைவிட நன்றாக இருந்தார்கள். அந்தப் பரிசல்காரப் பையனுக்கு இதைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. "தம்பி, நீ பாதித் தமிழன், பாதிக் கன்னடக்காரன் இல்லை. முழுசாக இரண்டும்!"

ஏழு பாட்டன் விஷயத்துக்கு வருகிறேன் என்றேனே, அதுவும் இதோடு சேர்ந்ததுதான். அமெரிக்காவில் எமரி சர்வகலாசாலையில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இருவர் குழந்தைகளிடம் இருபது கேள்விகள் கேட்டார்கள். உன் தாத்தாவும் பாட்டியும் எங்கே வளர்ந்தார்கள், அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள், குடும்பத்தில் என்ன கஷ்டம் வந்தது என்கிற மாதிரி கேள்விகள். அதிகம் தெரிந்த குழந்தைகளுக்குத் தன்னம்பிக்கை அதிகம் இருந்தது. பெருமையை மட்டும் கேட்டு வளர்ந்த குழந்தைகளைவிட, "விழுந்தோம், எழுந்தோம்" என்ற கதையைக் கேட்டு வளர்ந்த குழந்தைகள் உறுதியாக இருந்தார்கள்.

ஆகையால் வீட்டுக்குப் பெரியவர்களான உங்களிடம் நான்கு வேண்டுகோள். வீட்டுப் பாஷை எதுவானாலும் சரி, கன்னடமோ, தெலுங்கோ, மலைத் தமிழோ, அதை விருந்தாளி எதிரில் பேசாதே என்று குழந்தையை அடக்காதீர்கள். ஜாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றைக் காலேஜ் திறக்கிற வாரத்தில் ஓடி வாங்கலாம் என்று இராதீர்கள். ஆபீஸ் வாசலில் தனியாக நின்று "நான் இன்னார்" என்று நிரூபிக்கிற வேலையைப் பதினேழு வயசுக் குழந்தையின் தலையில் போடாதீர்கள். ஒரு பிள்ளை பேசாமலே இருந்தால், சாப்பிடாமல் அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தால், திமிர் என்று தீர்மானிக்கும் முன்பு பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தேவையானால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நான்காவது, எல்லாவற்றிலும் சுலபமானது. வரும் ஞாயிற்றுக்கிழமை டெலிவிஷனை நிறுத்திவிட்டு, பிள்ளைகளைப் பாட்டி பக்கத்தில் உட்கார வையுங்கள். தாத்தா எந்த ஊரிலிருந்து எதற்காகக் கிளம்பினார், கையில் எத்தனை ரூபாய் இருந்தது, யார் சோறு போட்டார்கள், யார் கதவைச் சாத்தினார்கள் எல்லாவற்றையும் பாட்டி சொல்லட்டும். தோற்ற கதையையும் மறைக்காமல் சொல்லட்டும். பாட்டி வழக்கமாகச் சொல்லுகிற பொய் இரண்டு மூன்று கலந்தாலும் பாதகமில்லை. சீக்கிரம் செய்யுங்கள். பாட்டிக்கு வயசாகிறது, பிள்ளைக்கோ காலேஜ் திறக்கப் போகிறது.